மீன் தொட்டிக்கு வைத்த வெந்நீர்

கம்யூனிஸ்ட்டுகள் காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டையிட்ட காலத்தில் நான் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தேன். குருண் டவுனிலிருந்து காட்டை ஒட்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் கடைசித் தோட்டம் அது. துரையின் பிள்ளைகளைப் பயத்தில் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, நான் பார்த்துக்கொள்ள மிச்சமிருந்தவை துரையின் மனைவி மேமின் கண்ணாடித் தொட்டியும் அதிலிருந்த பதினேழு மீன்களும்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துப் பெண்கள் என்னைச் சும்மா விடுவார்களா? "மீனுக்குத் தலைவாரி விட்டியாடி?" என்று தினமும் கேட்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அந்தப் பங்களாவின் வாசலைத் தாண்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

முந்தைய துரையைக் காட்டுக்காரர்கள் சாலையிலேயே சுட்டுவிட்டார்கள். அவருடைய மழைக்கோட்டு இன்னும் பங்களா நடையிலேயே மாட்டிக் கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சன்னல்களுக்கு மண்மூட்டை அடுக்கியிருந்ததால் பகலிலும் உள்ளே மங்கல்தான். வெயில் ஏறினால் ரப்பர் கொட்டைகள் மரத்திலேயே பட்பட்டென்று வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் மேம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். அவளைப் பார்த்து நானும் நிற்பேன். அந்த வீட்டில் பயப்படாமல் அசைந்துகொண்டிருந்தவை மீன்கள் மட்டுமே.

பம்ப்பைக் காட்டுக்காரர்கள் உடைத்துப் போட்டதிலிருந்து தண்ணீர் ஓடையிலிருந்து வந்தது. ஓடை காட்டின் விளிம்பில். அங்கே போய்வரத் துணிந்தவர் ஒருவர்தான். தோளில் வைக்கும் காண்டா கம்பின் இரு முனையிலும் மண்ணெண்ணெய் டின் கட்டித் தூக்கி வருவார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். உறவு கிடையாது, அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தார். காய்ச்சலில் என் கணவர் போன பிறகு, என் வீட்டுக் கூரை ஒழுகியபோதெல்லாம் கேட்காமலே ஏறிச் சரிசெய்தவர்.

ஓடைத் தண்ணீர் மலைத் தண்ணீர், கையை வைத்தால் விறைக்கும். அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போடும். அதனால் காய்ச்சி, ஆறவிட்டு, முழங்கையை விட்டுப் பார்த்து, தொட்டித் தண்ணீரின் சூடும் இதுவும் ஒன்றாக இருக்கும்போது மெல்ல ஊற்ற வேண்டும். துரை தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் இதைச் சொல்லிக் கொடுத்தார். "வெள்ளைப் பானை மட்டும். பாத்ரூம் பாய்லர் தண்ணி வேணாம். தெரியுதா?" தெரியுது தொரை என்றேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துரையிடம் யார் ஏன் என்று கேட்பார்கள்?

பீங்கான் பூசிய அந்த வெள்ளைப் பானை ஒருநாள் அடியில் ஓட்டை விழுந்தது. டவுனுக்கு லாரி போக வேண்டுமென்றால் முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்கள் வேண்டும். ஒரு பானைக்காக அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த செப்புப் பானை வீட்டில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பேன். செம்பில் இருக்கும் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் ஏது? சாமிக்கே செம்பில்தானே வைக்கிறோம். என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பாத்திரத்தை மீனுக்குக் கொடுத்தேன் என்று எனக்குப் பெருமைகூட. சாயங்காலம் காய்ச்சி அதிலேயே விட்டுவிட்டு, காலையில் வந்து தொட்டியில் ஊற்றினேன்.

இரண்டாம் வாரம் ஒரு மீன் செத்து மிதந்தது. பிறகு இரண்டு. மற்றவை ஒரே மூலையில் கூடி, வாயை நீருக்கு மேலே தூக்கித் திறந்து திறந்து மூடின. எதையோ சொல்ல வருவது போலிருக்கும். அருகே போய் நின்றால் அத்தனை கண்களும் என்னையே பார்த்தன.

அதைவிட மோசம் நத்தைகள். தொட்டியின் பாசியில் சின்னச் சின்ன நத்தைகள் இருந்தன. ஒரு காலையில் அவை எல்லாம் வரிசையாகக் கண்ணாடியில் ஏறி விளிம்பைத் தாண்டிச் சுவரில் போய்க்கொண்டிருந்தன. தண்ணீரில் பிறந்த உயிர் தண்ணீரை விட்டு ஓடுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மேம் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"தண்ணியில விஷம். முதல்ல மீன். அப்புறம் நாங்க."

அன்றிலிருந்து அவள் தகரத்தில் அடைத்த பாலைத் தவிர எதையும் குடிக்கவில்லை. மீன் சாகச் சாகத் தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றச் சொன்னாள். தினமும் மாற்றினேன். தினமும் செத்தன.

விசாரிக்க வந்த அதிகாரிக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஓடைக்குப் போகிறவன் யார், காட்டு விளிம்பில் தனியாக நிற்கிறவன் யார் என்று இரண்டே கேள்வி. அண்ணனைக் காண்டா கம்பு தோளில் இருக்கும்போதே பிடித்தார்கள். டின்கள் கவிழ்ந்து தண்ணீர் சமையலறைப் படி வழியாக ஓடியது. அந்த நாட்களில் பிடித்துப் போனவர்களை வழக்கு நடத்தாமலே இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அண்ணன் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பிள்ளைகளோடு அவர் மனைவி முள்வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அழுதேன். விஷம் வைக்கிற ஆளா அவர் என்று லயமே பேசியது. ஆனால் ஒன்று, மீன் செத்தது பொய்யில்லையே.

அதன்பின் ஆபீஸ் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. காவல்காரரே தூக்கி வந்தார். அப்படியும் ஒரு மீன் செத்தது. மேம் கேட்டபோது துரை, பழைய விஷம் கண்ணாடியில் ஊறியிருக்கும் என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த நத்தைகளைப் பொறுக்கினேன். கைக்கு அருகில் இருந்தது என் பானைதான். காலையில் ஊற்றியதுபோக அரைப்பானைத் தண்ணீர் ஆறியிருந்தது. நத்தைகளை அதில் போட்டேன்.

போட்டதும் அவை ஓட்டுக்குள் சுருங்கின. பிறகு ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, பானையின் உள்பக்கமாக மேலே ஏறத் தொடங்கின. மழை இருட்டில் அந்தச் சமையலறையில் நான் தனியாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஏறிய இடத்தில், கழுத்துக்குக் கீழே, செம்பில் ஊறிய பச்சைக் களிம்பு மெல்லிய வளையமாகப் படிந்திருந்தது. இத்தனை நாள் வெளிப்பக்கத்தைத் தேய்த்ததில் உள்ளே அதை நான் கவனிக்கவே இல்லை. அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு மண்சட்டியில் காய்ச்சி ஆறவைத்து, அதில் நாலு நத்தைகளைப் போட்டேன். அவை சட்டியின் அடியிலேயே நிம்மதியாக ஊர்ந்தன. பொழுது சாயும்வரை பார்த்தேன். ஒன்றுகூட ஏறவில்லை.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பானையைச் சாக்கில் சுற்றி விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். எனக்கு நாலு வயதில் ஒரு மகள். என்னையும் கொண்டுபோனால் அவளை யார் பார்ப்பார்கள்? மூன்று நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மண்சட்டியில் காய்ச்சத் தொடங்கிய பிறகு மீன் எதுவும் சாகவில்லை என்பதும் மூன்று நாளும் எனக்குத் தெரிந்தது. மிச்சமிருந்த நாலும் சாவகாசமாக நீந்தின. அவற்றைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது, என் மேல்தான். நாலாம் நாள், கப்பலுக்குப் போகிறவர்களின் பட்டியல் தயாராகிறது என்று லயத்தில் பேச்சு அடிபட்டது. மகளை அண்ணன் மனைவியிடமே விட்டுவிட்டு, பானையோடு துரையின் முன்னால் போய் நின்றேன்.

துரை உள்ளே விரலை விட்டுப் பச்சையைச் சுரண்டினார்.

"நான் வெள்ளைப் பானை சொன்னேன்."

"சொன்னீங்க தொரை. ஏன்னு சொல்லலையே."

துரையின் முகம் சிவந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து டெலிபோனை எடுத்தார். மேம் கடைசிவரை நம்பவில்லை. அடுத்த மாதமே பினாங்குக்குப் போய்விட்டாள்.

அந்த டெலிபோனுக்கு எட்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது, இடது கையை மடக்க முடியவில்லை. மறுநாள் காலை பங்களாவின் பின்வாசலில் நின்று டின்கள் எங்கே என்று கேட்டார். நான் அவர் காலில் விழப் போனேன்.

"ஏய், என்னலா இது, எந்திரி," என்று விலகினார்.

"என் பானைதாண்ணே. எனக்குத் தெரியாமப் போச்சு."

"தொரை சொன்னாரு." படியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டார். "அங்க ஒரே கேள்விதான் கேட்டானுங்க. தண்ணிய குசினி அடுப்பு பக்கத்துல எறக்கின பொறவு வேற யாரு தொடுறான்னு. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"நானேதான் காய்ச்சுறேன், நானேதான் தொட்டியில ஊத்துறேன்னு சொல்லிட்டேன். உன்ன இழுத்துட்டு வந்தா புள்ளைய யாரு பாப்பா?"

நான் விறகுக்குப் பின்னால் பானையை ஒளித்து வைத்திருந்த அந்த மூன்று நாளும் அவரிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.