ரோஜாத் தாளில் ஒரு கோட்டை

நான் ஒரு சேகரிப்பாளன். எங்கள் நாகர்கோவிலில் இந்தச் சொல்லைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கைப் பை பிடிப்பவரா என்று கேட்பார்கள். அதனால் வெளியே சொல்வதில்லை. நான் சேகரிப்பது பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றோடொன்று பொருத்திக் கட்டடம் கட்டுகிற, வெளிநாட்டுக் கட்டைகள். குழந்தைகளுக்கானவை அல்ல. பெட்டியின் மேலேயே ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும். அதைப் படித்தபோதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் ஆசைப்பட்டது ஒரு கோட்டை. ஆயிரக்கணக்கான துண்டுகள், சுழல் படிக்கட்டு, இறக்கி ஏற்றும் பாலம், உள்ளே மெழுகுவர்த்தி வரைக்கும் உண்டு. நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இடைவேளைகளில் அதன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, என் கைப்பேசித் திரையே தேய்ந்துவிட்டது. கடைசியில் துபாயில் இருக்கும் சித்தப்பா மகனைப் பிடித்தேன். ஊருக்கு வரும்போது அவன் வழக்கமாகக் கொண்டுவரும் கம்பளியையும் தைல டப்பாக்களையும் இந்த முறை அங்கேயே விட்டுவிட்டு, என் பெட்டியைச் சுமந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். தைலம் வராத கோபத்தில் குடும்பத்தில் நாலு பேர் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

பெட்டியைப் பார்த்த என் மனைவி அதைச் சுற்றி வந்தாள்.

“இது என்னவாக்கும்?”

“கோட்டை.”

“பத்மநாபபுரத்துல முழு அரண்மனையே கெடக்கு. டிக்கெட் எடுத்தா எல்லா முறியும் நடந்து பாக்கலாம். இதுல ஒரு முறியில கட்டில் போட்டுப் படுக்க முடியுமா?”

கலை தெரியாதவர்களிடம் வாதம் செய்வது எனக்குப் பிடிக்காது.

பெட்டியை அன்றே திறந்திருக்கலாம். கையும் பரபரத்தது. ஆனால் எங்கள் சேகரிப்பாளர் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. உலகெங்கும் ஆண்கள், எல்லாரும் வழுக்கை. அங்கே ஒரே கட்டளைதான்: முத்திரையை உடைக்காதே. உடைத்தால் பாதி மதிப்பு போச்சு. வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, பெட்டி மூலை நசுங்கக்கூடாது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலமும் மூன்று பக்கம் உப்புக் காற்றும் உள்ள மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் இதையெல்லாம் பயபக்தியோடு படித்தேன். அவர்களில் ஒருவர் பெட்டியைத் தாளில் சுற்றி வைக்கச் சொன்னார். என் வீட்டில் இருந்தது பரிசுப் பொருள் சுற்றும் தாள் ஒரு சுருள், ரோஜாப்பூ போட்டது. மனைவி ஆலயத்துப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மாலையில் கோட்டையை அதில் அழகாகச் சுற்றி, பீரோவுக்கு மேலே வைத்தேன். விருந்தாளிகளின் பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்குமே என்று எனக்குப் பெரிய நிம்மதி.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பீரோவின் மேல்பகுதி எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கும், புது வீட்டில் ஜெபம் வைத்துக் குடிபுகும் வீடு பிரதிஷ்டைக்கும் வந்த பரிசுகள், பிரிக்கப்படாமல், அடுத்த கல்யாணத்துக்கும் அடுத்த பிரதிஷ்டைக்கும் காத்திருக்கும் இடம் அது. சுவர்க்கடிகாரமும் சாப்பாட்டுத் தட்டு செட்டும் இப்படி வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கும். யாரும் பிரிப்பதில்லை. மேலே ஒட்டிய பெயரைக் கிழித்துவிட்டு நம் பெயரை ஒட்டினால் போதும். தாள் நைந்திருந்தால் அதன் மேலேயே இன்னொரு தாள்.

இரண்டு வருஷம் கழித்து மார்த்தாண்டம் பக்கம் மனைவியின் பெரியம்மா மகன் புது வீடு கட்டினான். பிரதிஷ்டைக்குப் போனோம். காரின் பின்னாலிருந்து ஒரு பெரிய பையை எடுத்து என் கையில் தந்தாள். தூக்கியதும் உள்ளே சலசலவென்று சத்தம்.

“தட்டு செட்டா? உடஞ்சு போச்சு போல” என்றேன்.

“மெதுவாப் பேசுங்க. உடஞ்சிருந்தா அவிய பாத்துக்கிடுவாவ.”

பரிசு மேசைக்குப் பக்கத்தில் போய் அவள் பையை உருவினாள். ரோஜாப்பூ. என் கோட்டை! மேலே எங்கள் இருவர் பெயரும், அவள் கையெழுத்தில், ‘அன்புடன்’ என்று. அந்த நேரம் பார்த்துப் போதகர் “ஜெபிப்போம்” என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டாருக்கு ஆண்டவர் சகல செல்வங்களையும் தர வேண்டும் என்று போதகர் உருகினார். தந்துவிட்டார் ஐயா, என் கையாலேயே தந்துவிட்டார் என்று உள்ளுக்குள் முனகினேன்.

திரும்பும் வழியில் காரில் வெடித்தேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

“எனக்கு எப்படித் தெரியும்? வந்த அன்னைக்குப் பாத்தேன், அப்புறம் காணல. கல்லூரிக்குக் கொண்டு போயிட்டியன்னு நெனச்சேன். ஆசப்பட்டு வாங்குன சாதனத்த எவனாவது தொறக்காம வைப்பானா? ஒரு நாளாவது தொறந்து பாத்தியளா?”

மதிப்பு, முத்திரை என்றெல்லாம் எதையோ சொன்னேன். நான் சொன்னது எனக்கே அசிங்கமாக இருந்தது.

கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பதா? தலையே போனாலும் நடக்காது. ஒரு மாதம் பொறுத்து, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று அந்தப் புது வீட்டுக்குள் நுழைந்து, வீட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் படுக்கையறை பீரோவை அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஒரு கடிகாரம்தான் இருந்தது. பேச்சோடு பேச்சாக விசாரித்ததில், கோட்டை ஏற்கெனவே களியக்காவிளைப் பக்கம் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டது தெரிந்தது.

அன்றிலிருந்து நான் ஒரு விசேஷத்தையும் விடவில்லை. மூன்றாம் பங்காளி வீட்டு நிச்சயதார்த்தம், பெயரே தெரியாதவர் பேத்தியின் ஞானஸ்நானம், எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய்ப் பரிசு மேசைக்கு அருகில் நாற்காலி பிடித்தேன். யாரும் பார்க்காதபோது பெரிய பெட்டிகளை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் நெகிழ்ந்து போனார்கள். முன்பெல்லாம் முகம் கொடுக்காத மனுஷன் இப்போது எவ்வளவு பாசமாகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். என் மனந்திரும்புதலைப் பற்றி ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னவர்கூட உண்டு. நானோ ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பினேன். அந்தச் சுழல் படிக்கட்டை ஒரு தடவைகூடக் கட்டிப் பார்க்கவில்லையே என்று கிடந்து மருகினேன்.

பிறகு நாங்களே ஒரு விசேஷம் வைத்தோம். வீட்டுக்கு மாடி எடுத்திருந்தோம், அதற்கு ஒரு ஜெபம். ஜெபம் முடிந்து எல்லாரும் பிரியாணிக்கு நகரும் நேரத்தில் மச்சினன் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தான். கையில் மயில் படம் போட்ட தாளில் ஒரு பெட்டி.

“அத்தான், பாத்துப் பிடிங்க. வெயிட்டான சாதனமாக்கும்.”

வாங்கினேன். சலசலவென்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தந்தவர் முன்னால் பரிசைப் பிரிப்பது எங்கள் ஊரில் மகா மரியாதைக் குறைவு. நான் அங்கேயே, எல்லார் முன்னாலும் கிழித்தேன். மயிலுக்கு அடியில் தங்க நிறத் தாள். அதில் பெயர் கிழித்த வடு. அதற்கும் அடியில் என் ரோஜா. மச்சினன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஆவலை அடக்க முடியாமல் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“உள்ள என்னவாக்கும் அத்தான்?”

கொடுத்தவன் அவன். கேட்டதும் அவன்தான்.

கோட்டைப் படம் வெளியே வந்தது. முத்திரை உடையவில்லை. மூலைகூட நசுங்கவில்லை. எத்தனை வீடு சுற்றியும் ஒருவருக்கும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் குழுவின் வழுக்கைத் தலையர்கள் பார்த்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். மாவட்டம் முழுக்கச் சேகரிப்பாளர்கள்தான், நான் ஒருவன்தான் அதை மனசுக்குள் பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மனைவி கேக் வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

“தொறந்திருங்க. அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் இருக்கு, பின்ன என்னைக் கொறை சொல்லக்கூடாது.”

ஒட்டுத்தாளில் கத்தியை வைத்து இழுத்தேன். பாதி மதிப்பு போகிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அதற்கு மேல் எனக்குத் துக்கம் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். விருந்தாளிகள் போன பிறகு புது மாடித் தரையில் பைகளைக் கொட்டி உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்து, சாம்பல் நிறக் கட்டைகளைத் தனியாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

படி இறங்கப் போன மச்சினன் திரும்பி வந்து வாசலில் நின்றான்.

“அத்தான், அந்தக் காலிப் பெட்டி நல்லா உறுதியா இருக்கே. தூரக் களயாதீங்க, எனக்குத் தாருங்க. ஒரு பிரதிஷ்டைக்குக் கடிகாரம் பொதியணும்.”

பெட்டி இல்லாத கோட்டைக்கு எங்கள் குழுவில் மதிப்பே கிடையாது. எடுத்துக் கொடுத்துவிட்டு, சுழல் படிக்கட்டின் இரண்டாவது படியைத் தேடினேன்.