அக்காவின் கழுத்தும் தாளின் ஓரமும்

பதுளை பஸாரில் ஓர் அச்சகத்தில் சில வருஷங்கள் வேலை செய்தேன். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் உருவாகும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, படத்தைத் தாளின் ஓரத்துக்குச் சரியாகக் கிளிப் பண்ணுவது.

ஆரம்பத்தில் அது எனக்குத் தெரியாது. படம் பக்கத்தைத் தாண்டி வழிந்து கிடந்தாலும், அச்சடித்த பிறகு கத்தி வெட்டிவிடும்தானே என்று விட்டுவிடுவேன். எங்களுக்கு அச்சுக்கான ஃபிலிம் எடுத்துத் தரும் கண்டிக்காரர் ஒருநாள் போனில் சத்தம் போட்டார். பக்கத்துக்கு வெளியே கிடக்கிற குப்பையெல்லாம் அவருடைய ஃபிலிமில் வருகிறதாம். அதன் பிறகு கற்றுக்கொண்டேன். பக்கத்தின் அளவுக்கு ஒரு பெட்டி வரைந்து, வெட்டுக்காகக் கொஞ்சம் கூட்டிவைத்து, படத்தை அதற்குள் போட வேண்டும். பெட்டிக்கு வெளியே நிற்பது கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அழியாது. உள்ளே போய்ப் பார்த்தால் முழுப் படமும் இருக்கும். பிடித்து இழுத்து, வேண்டிய பகுதியைப் பெட்டிக்குள் கொண்டுவரலாம்.

எல்ல என்ற ஊரில் புதிதாகத் தங்குவிடுதி கட்டிய ஒருவர் வந்த நாளோடு அந்த வேலை எனக்குக் குமட்டத் தொடங்கியது.

கொழும்பு ஆள், தமிழர். வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் கொடுக்க மடிப்புத் தாள் ஒன்று அடிக்க வேண்டும் என்று சீடியோடு வந்தார். முதலாளி அவரை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஒரு கையில் பேப்பரில் சுற்றிய வடை. மென்றுகொண்டே பேசினார். தானே எடுத்தது, முகப்புக்கு என்று அவர் காட்டிய படத்தைத் திறந்ததும் என் கை நின்றுவிட்டது. அப்புத்தளைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையாக நிற்கிறார்கள். இடது பக்கம் நாங்கள் குடியிருக்கும் லயம், அதைத் தாண்டி ஓரத்தில் அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கான். வலது ஓரத்தில், தலையில் கூடைக் கயிற்றோடு சிரித்துக்கொண்டு என் அக்கா.

"அந்தக் கான் தெரியக் கூடாது, தங்கச்சி," என்றார்.

படத்தை இடப்பக்கம் தள்ளினேன். கான் மறைந்தது.

"லயமும் வேணாம். பின்னால மலை மட்டும் போதும்."

இன்னும் தள்ளினேன்.

பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்தார். அக்காவுக்குக் கழுத்தில் கழலை இருந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அவர் அதன்மேல் விரலை வைத்தார். வடை எண்ணெய் கண்ணாடியில் வட்டமாக ஒட்டிக்கொண்டது.

"இந்த அம்மாவை வெளிய தள்ளுங்க. கழுத்தைப் பாருங்களேன், அருவருப்பா இருக்கு. சாப்பிட வாறவனுக்கு இதையா காட்டுறது?"

முதலாளி சிரித்தார். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் சிரிக்கிற சிரிப்பு. 

"அது எங்க அக்கா," என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க," என்றார். "ஆனா வெட்டத்தானே வேணும்? இது வியாபாரம்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்கு அவ்வளவு அருவருத்திருக்காது. வடையின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு அதைச் சொன்னார்.

"நான் செய்ய மாட்டேங்க," என்று எழுந்துவிட்டேன். "அவகிட்ட கேட்டா படம் எடுத்தீங்க?"

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, "பிள்ள, வந்த வேலைய ஏன் கெடுக்கிற?" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் அச்சிட்ட தாள்களை மடிக்கிற பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் முதலாளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குக் கிளிப் பண்ணத் தெரியாது. ஒரு வெள்ளைப் பெட்டி வரைந்து அக்காவின் மேல் வைத்தார். மொட்டையாகத் தெரிந்ததால் அதில் விடுதியின் தொலைபேசி எண்ணைப் போட்டார். கொழும்புக்காரருக்குப் பரம திருப்தி. அவர் போன பிறகு ஈரத் துணியால் திரையைத் துடைத்தேன். எண்ணெய் போகவில்லை, பரவியது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.

அச்சாகி வந்ததில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கை மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலாளியின் பெட்டி அதை மறைக்கவில்லை.

"இது என் கையில்ல?" என்றாள். "விரல்ல துணி சுத்தியிருக்கு பாரு. அன்னைக்கு வெடிச்சிருந்திச்சு."

"எடுத்த ஆள ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? கைலேஞ்சியால மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாரு. சிரிங்க சிரிங்கன்னாரு. கணக்கப்பிள்ளையும் சிரிக்கச் சொன்னாரு. சிரிச்சோம்." பிறகு கேட்டாள்: "மத்தவங்க எல்லாம் முழுசா இருக்காங்க. என்னைய மட்டும் ஏன்டி மறைச்சாங்க?"

சொல்லலாமா என்று தயங்கினேன். அவளிடம் பொய் சொன்னால் நிற்காது. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அக்கா சுளகைக் கீழே வைத்தாள். "அந்த ஆளு தொப்பைய யாரும் வெட்டச் சொல்லலையாக்கும்," என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரம் நான் போனபோது கழுத்தைச் சுற்றித் துவாய் போட்டிருந்தாள். வெயில் கொளுத்துகிற நாளிலும் அப்படியே கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அதைப் பார்க்கப் பார்க்க, அந்த வடை வாய் மறுபடி என் முகத்துக்கு நேரே மென்றது.

அடுத்த வருஷம் பதுளை ஆஸ்பத்திரியில் கழலையை வெட்டி எடுத்தார்கள். தழும்பு ஆறிய பிறகும் துவாயை அவள் விடவில்லை.

கொழும்புக்காரர் மறுபடி வந்தார், புதிய தாளுக்கு. என்னைப் பார்த்து, "இந்த முறை உங்களுக்குப் பிரச்சினை இல்ல, தங்கச்சி," என்றார். கொழும்பிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்து, பட்டுச் சேலை கட்டவைத்து, தேயிலைக்குள் நிறுத்திப் படம் பிடித்திருந்தார். கூடையைப் பள்ளிக்கூடப் பை மாதிரித் தோளில் மாட்டியிருந்தார்கள். நகப்பூச்சுப் போட்ட விரல்களுக்கு நடுவே இருந்தது கொழுந்தல்ல, முற்றிய இலை. எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை அதைக் கண்டால் கூடையோடு கொட்டச் சொல்லுவார்.

"எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க," என்று முதலாளி சொன்னார்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். பக்கத்தின் அளவுக்குப் பெட்டி வரைந்து படத்தை உள்ளே போட்டேன். ஓரத்தில் வெட்ட எதுவும் இருக்கவில்லை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போய், வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.