மீன்கடைக்குப் போன கொரியப் பத்திரம்

தொண்ணூறுகளில் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் நான் வேலை செய்த வீடுகளில் ஒன்று ஒரு பேராசிரியையின் வீடு. அவர் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய மொழிகள் படிப்பித்தார். தனியாக இருந்தார். கிழமையில் மூன்று காலைகள் நான் போய் வீடு துடைத்து, உடுப்பு அழுத்தி, மத்தியானச் சாப்பாட்டையும் செய்து வைத்துவிட்டு வருவேன். அங்கே தூசி தட்டப் புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் இருந்தன. சப்பான் பத்திரிகை, சீனப் பத்திரிகை, கொரியப் பத்திரிகை என்று தபாலில் வந்து குவியும். எனக்கு மூன்றும் ஒன்றுதான். எழுத்து வட்டம் வட்டமாக இருந்தால் கொரியா என்று மட்டும் பின்னாளில் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பேராசிரியைக்கு ஒரு நீண்ட நாள் ஆசை இருந்தது. பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி தொடங்க வேண்டும். சியோலில் ஒரு நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தன் செலவில் விரிவுரையாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வருடா வருடம் எழுதுவார். வருடா வருடம் மரியாதையான ஒரு மறுப்பு வரும். வடக்கே உள்ள பெரிய நகரங்களுக்குத்தான் ஆட்கள் போனார்கள். ஒரு வசந்தகாலக் காலையில், நான் கோப்பை கழுவிக்கொண்டு நிற்க, ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார்.

"தாறாங்களாம்! ஒரு ஆளைத் தாறாங்களாம்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். என் கைச் சவர்க்காரம் முழுக்க அவருடைய சட்டையில்.

வரப்போகிறவர் நாற்பது வயதுப் பெண் என்றும், இத்தாலிய மொழி படித்தவர் என்றும் தெரிந்தது. வீடு தேடுகிற வேலை என்னிடம் வந்தது. சீசா என்ற பகுதியில் நானும் கணவரும் இருந்த கட்டடத்தில் எங்களுக்கு மேல்மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரக் கிழவர், "இன்னொரு நாட்டுச் சமையல் மணமோ?" என்று மூக்கைச் சுருக்கினார். "அவ பல்கலைக்கழகத்திலை படிப்பிக்கிறவ" என்றேன். உடனே சுவருக்கு வெள்ளையடித்துத் தந்தார்.

ஒக்தோபர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து இறங்கினார். இரண்டு பெரிய பெட்டி, குளிர்காலக் கோட்டு, மெல்லிய சிறிய உருவம். படியில் என்னைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நானும் குனிந்தேன்.

"சிஞ்ஞோரா, இந்த இல்லத்தை எனக்குக் கண்டுபிடித்துத் தந்தமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்" என்றார். அவருடைய இத்தாலியம் புத்தகத்தைத் திறந்து வாசித்த மாதிரி இருந்தது. என்னுடையது சந்தையிலும் குசினியிலும் பொறுக்கியது. அந்த ஊரில் அதுவரை நான்தான் எல்லோரையும் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டிருக்கிறேன். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது பேராசிரியை மேசை லாச்சிகள் எல்லாவற்றையும் இழுத்து நிலத்தில் கொட்டியிருந்தார்.

"அந்தப் பத்திரம் எங்கை? அவவின்ரை பட்டப் பத்திரம். தூதரகம் முத்திரை குத்தி அனுப்பினது. அது இல்லாமல் ஒப்பந்தம் கையெழுத்து வைக்க ஏலாது!"

விடயம் இதுதான். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குப் பத்திரத்தின் மூலப்பிரதி வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால், அந்த வருடத்து இடத்தை நிறுவனம் காத்திருக்கிற வேறொரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடும். புதிய பத்திரம் எடுத்து முத்திரை குத்த மாதங்கள் ஆகும். யூலையில் தபாலில் வந்ததைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்ததாக மட்டும் அவருக்கு ஞாபகம்.

ஓகஸ்டில் அவர் கடற்கரைக்குப் போன கிழமை நான் அந்த மேசையைத் துப்புரவாக்கினேன். பழைய பத்திரிகைகளைக் கட்டி பல்லரோச் சந்தையில் ஒரு மீன்காரருக்குக் கொடுப்பது என் வழக்கம். மீன் சுற்ற அவருக்கு உதவும். அன்று கட்டும்போது ஒரு தடித்த தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வட்ட எழுத்து. கொரியப் பத்திரிகையின் அட்டையாக்கும் என்று உள்ளே தள்ளிவிட்டு முடிச்சுப் போட்டேன். அந்தத் தள்ளின விரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"நீ எங்கையும் கண்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அன்று பின்னேரம் கொரிய விரிவுரையாளர் கீழே வந்து, கடற்பாசித் தாள் அடுக்கிய ஒரு பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். தன் மகளின் படத்தைக் காட்டினார். பத்து வயது. தகப்பனோடு விட்டுவிட்டு வந்திருந்தார். பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வேலையை இதற்காக விட்டாராம்.

"பத்திரம் கிடைக்கவில்லை என்று பேராசிரியை கூறினார். அனுப்பியபோது நான்தான் சரியாக விளக்கவில்லை போலும். தவறு என்னுடையதாக இருக்கலாம்" என்றார்.

நிரம்பியிருந்த அவருடைய கோப்பையில் நான் மறுபடியும் தேத்தண்ணி ஊற்றினேன்.

கணவர் உணவகக் குசினி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"நீர் வாயைத் திறக்காதையும்" என்றார் அவர், சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி. "பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கிறதுக்கு வேலைக் கடிதம் தாறது ஆர்? அவதானே? கோபத்திலை நிப்பாட்டினா எண்டால் குவெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டப் போறீர்?"

"அந்த மனுசி தன்ரை பிழை எண்டு சொல்லுறாவப்பா."

"சொல்லட்டுமன்."

"இல்லையப்பா. நாளைக்கு நான் போய்ச் சொல்லப் போறன்."

அவர் மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்தார். பிறகு, "அப்ப விடியவே போம். நேரம் போகப் போகச் சொல்ல ஏலாமல் போயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு.

செவ்வாய் என் வேலை நாள் இல்லை. கதவைத் திறந்த பேராசிரியை ஆச்சரியமாகப் பார்த்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். மீன்காரர் என்ற சொல் வந்தபோது அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"பேப்பருக்கு நடுவிலை வைச்சது நான்" என்றார். "நீ கட்டாமல் வேறை என்ன செய்வாய்? ஆனால் நேற்று ஏன் இல்லையெண்டனி?"

"பயத்திலை."

"சரி. ஓடு. நான் சியோலுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைக்கிறன்."

பல்லரோவில் மீன்காரர் ஒரு வாள்மீனை அறுத்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்துக்கு முந்திய பத்திரிகைக் கட்டு என்றதும் கத்தியைத் தூக்கிச் சிரித்தார். "அது எல்லாம் மத்தியும் கணவாயும் சுத்தி எப்பவோ போயிட்டுதே, பிள்ளை!"

"தடிச்ச தாள் ஒண்டு. சிவப்பு முத்திரை போட்டது."

சிரிப்பு நின்றது. "தடிச்சதிலை நான் சுத்திறேல்லை. ஈரத்தைக் குடிக்காது" என்றவர், பின்னால் இருந்து இறால் கழுவிக்கொண்டிருந்த தன் மனுசியைக் கூப்பிட்டார்.

அவர் பருத்த உடம்பும் உரத்த குரலும் உள்ளவர். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "நல்ல கடதாசி எல்லாம் நான் வீட்டை கொண்டு போறனான். லாச்சிக்குள்ளை விரிக்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, ஏப்ரனைக் கழற்றிக் கணவரின் தோளில் போட்டார். "வா. பஸ் எடுப்பம்."

அவர்களின் வீடு ஒரேத்தோ என்ற பகுதியில். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து தன் முழங்கால் வருத்தத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. நாலாம் மாடி. குசினி. முதல் லாச்சியில் நாட்காட்டித் தாள். இரண்டாவதில் ஒரு சினிமா விளம்பரம். மூன்றாவதை அவர் இழுத்தபோது கரண்டிகளும் முள்ளுகளும் கலகலத்தன. அவற்றை அள்ளி மேசையில் போட்டேன். அடியில், கவிழ்த்து விரித்தபடி, ஒரு கனமான தாள். புரட்டினேன். வட்ட எழுத்துகள். சிவப்பு முத்திரை. கீழே இத்தாலிய மொழியில் தூதரகத்தின் நீல முத்திரை.

அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன். மீன்காரரின் மனுசி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "ஆரின்ரை பத்திரம் மகள்? செத்த ஆளின்ரையோ?" என்றார். "இல்லை, உயிரோடை இருக்கிறவவின்ரை" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

பத்திரத்தை லாச்சிக்கு அளவாக இரண்டு பக்கம் மடித்திருந்தார். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. மீன் மணம் வேறு. பேராசிரியை வீட்டில் கொரிய விரிவுரையாளரும் வந்து காத்திருந்தார். பத்திரத்தை மேசையில் வைத்ததும் மூன்று பேரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு என் வேலை எனக்கு ஞாபகம் வந்தது. மேசையில் போர்வை விரித்து, பத்திரத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து அழுத்தினேன். முத்திரையில் சூடு படாமல் சுற்றிச் சுற்றி. மடிப்பு முக்கால்வாசி போய்விட்டது.

அதை முடித்த பிறகு கொரிய விரிவுரையாளரிடம் சொன்னேன். "எறிஞ்சது நான்தான். நேற்று உங்களுக்குத் தேத்தண்ணி தரேக்கையும் எனக்குத் தெரியும்."

"தெரிந்திருந்தது" என்றார் மெதுவாக. "நிரம்பிய கோப்பையில் மறுபடியும் ஊற்றினீர்கள். ஆயினும் இன்று நீங்கள்தான் தேடிச் சென்றீர்கள்." புத்தக இத்தாலியம் மன்னிப்புக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

வியாழன் காலை மூவரும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனோம். நான் வெளியே வாங்கில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. எழுதுவினைஞர் தாளைத் தூக்கிப் பார்த்தார், மணந்தார், திரும்பவும் மணந்தார்.

"இது கப்பலிலையோ வந்தது?" என்றார்.

"நீண்ட பயணம்" என்றார் பேராசிரியை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

எழுதுவினைஞர் தோளைக் குலுக்கி, ஒப்பந்தத்தில் முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தில்தான் என் மூச்சு முழுதாக வெளியே வந்தது. அடுத்த வாரமே, நான் கேட்காமல், என் வேலைக் கடிதத்தையும் பேராசிரியை எழுதித் தந்தார்.

கொரிய விரிவுரையாளர் எங்கள் மேல்மாடியில் மூன்று வருடம் இருந்தார். இரண்டாம் வருடம் மகளும் வந்து சேர்ந்தாள். முதல் வகுப்புக்கு என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். நான் பின்வரிசையில் ஒதுங்கி இருந்தேன். நாலைந்து பேர்தான் வருவார்கள் என்று பேராசிரியை பயந்திருந்தார். ஆனால் கதிரை போதாமல் இரண்டு பெடியள் யன்னல் விளிம்பில் இருந்தார்கள். கொரிய விரிவுரையாளர் இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு, ஒரு வணக்கச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி உரத்துச் சொல்லச் சொன்னார். சிசிலிக் குரல்கள் அதை ஆளுக்கொரு விதமாக முறித்தன. அவர் சிரித்து, மறுபடியும் சொன்னார். பேராசிரியை சுவரில் சாய்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் நானும் சேர்ந்து சொன்னேன்.