ஆறாவது பேர்

நம்பாதவர்களை நம்ப வைக்க இதைச் சொல்லவில்லை. நடந்தது எனக்கு. என் தங்கை பரணியும் பார்த்தாள். அதுவும் ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், வரிசையாக ட்யூப் லைட் எரிகிற இடத்தில். போன கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை.

என் பெயர் அங்காளம்மாள். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் ஒரு நூல் மில். பெயர் வேண்டாம். அங்கே பதினோரு வருஷம் சைடு பார்த்தேன். நூல் நூற்கிற மிஷினுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள். மிஷின் நீளத்துக்கும் நடந்துகொண்டே, அறுந்த இழையைப் பிடித்து ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. எனக்கு எதிர்ப்பக்கம் பெருமாயி அக்கா. நான் நிறைமாதமாக நின்ற நாட்களில் தன் பக்கத்தோடு என் பக்கத்தையும் சேர்த்து ஓடி ஓடிப் பார்த்தவள். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் என்னை உட்கார வைத்தவள். பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது. எந்நேரமும் வறட்டு இருமல். இருமி முடித்ததும் "ம்மா…" என்று ஒரு மூச்சு விடுவாள்.

மில்லை மூடினார்கள். இரண்டரை வருஷம் மூடியே கிடந்தது. நான் வேடசந்தூர் பக்கம் வேறு மில்லுக்குப் போனேன். அக்காவை யாரும் எடுக்கவில்லை. இருமலைக் கேட்டதுமே கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். பேகம்பூரில் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தாள். எப்போது பார்த்தாலும் ஒரே கேள்விதான். நம்ம மில்லு எப்ப தொறப்பாக?

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேனேஜர் ஸ்ரீராம் என்னை மில் ஆபீசுக்கு வரச் சொன்னார். பழைய முதலாளியே மறுபடியும் மில்லை ஓட்டப் போகிறார், இப்போதைக்குக் கொஞ்சம் மிஷின்தான், திங்கட்கிழமை ஆரம்பம், உங்களோடு சேர்த்து ஆறு பேர் போதும், யார் யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். என்னையும் சேர்த்து ஐந்து பேரைச் சொல்லிவிட்டேன். ஆறாவதாகப் பெருமாயி என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பரணியின் புருஷன் லாரியில் இருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறான். இரண்டு பிள்ளைகள். பரணி அந்த மில்லில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, அக்காவைப் பார்த்ததும் இல்லை. இருந்தாலும் பரணி என்றுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு முகமில்லை. அந்த வாரம் பேகம்பூர் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது. எனக்கு அதே பழைய மிஷின். அக்கா நின்ற பக்கத்தில் பரணி.

பத்து நாற்பது இருக்கும். என் பக்கத்தின் அந்தக் கோடியில் ஏழெட்டு இழை அறுந்து கிடந்ததைப் பார்த்தேன். இந்தக் கோடியை முடித்துவிட்டு அங்கே போனேன். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

பதினொன்று இருபதுக்கு மறுபடியும் அதே மாதிரி. பரணி சுற்றி வந்து ஒட்டினாளோ என்று கையால் சைகை காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பரணி டிபனைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அந்த இருமுற அம்மா சாப்பிட வரலியாக்கா?"

"எந்த அம்மா?"

"நம்ம மிஷின்லதான் நிக்கிது. வாயில துண்டு கட்டியிருக்கு. நான் தடுமாறுனா வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போகுது. ஒரு வார்த்த பேசல."

டிபனைக் கீழே வைத்தேன். சுற்றிப் பார்த்தேன். ஆறு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்றும் உறைத்தது. மிஷின் ஓடும்போது காதுக்குப் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. இருமல் சத்தம் மட்டும் இவளுக்கு எப்படிக் கேட்டது?

எழுந்து போய் வாட்ச்மேனிடம் விசாரித்தேன். ஆறு பேருக்கு மேல் யாரையும் உள்ளே விடவில்லை என்றார்.

மறுபடியும் வேலை. நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

இரண்டு பதினேழு.

கரண்ட் போனது.

மிஷின்கள் ஒவ்வொன்றாக இரைச்சலைக் குறைத்துக்கொண்டே வந்து… நின்றன.

லைட் இல்லை. மேலே கண்ணாடி ஓட்டில் இருந்து விழுந்த கொஞ்சம் வெளிச்சம் மட்டும். பஞ்சு மிதந்தது. அப்படி ஒரு அமைதியை நான் அந்த மில்லில் கேட்டதே இல்லை.

எனக்குப் பின்னால்…

இருமல்.

பிறகு, "ம்மா…"

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"அக்கா…" என்றேன்.

"மெதுவாப் பாக்குறேன்னு நெனைக்காத அங்காளம்." பிடரியில் மூச்சுப் பட்டது. சில்லென்று இருந்தது. "கை பழகிரும்."

இரண்டு இருபத்தொன்றுக்குக் கரண்ட் வந்தது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

மிஷினுக்கு அந்தப் பக்கம் பரணி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. பரணியை அதே வேனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் பேகம்பூரில் இறங்கிக்கொண்டேன். போனதும் அக்கா காலில் விழுந்துவிட வேண்டும். மேனேஜரிடம் கெஞ்சியாவது ஒரு வேலை வாங்கித் தர வேண்டும். வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு சைதூன் வெளியே வந்தார். அக்காவைப் பார்க்க வந்தபோது இரண்டொரு தடவை பேசியிருக்கிறோம். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெருமாயி அக்கா போன புதன்கிழமை காலையில் இறந்துபோயிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டது உயிர். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் தெருக்காரர்களே காரியத்தை முடித்திருக்கிறார்கள். முந்தின ராத்திரிதான் ஒரு இருமல்கூட இல்லாமல் தூங்கினாள், சுவருக்கு இந்தப் பக்கம் நானும் நிம்மதியாகத் தூங்கினேன் என்றார் சைதூன். நான் அழுதேன். கொஞ்ச நேரம் அழவிட்டு, ஆறுதலாக என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு மட்டும் மனசத் தேத்திக்குங்கம்மா. நீங்க நேர்ல வந்து கூப்பிட்டதுல அவங்களுக்கு அம்புட்டு சந்தோஷம். மில்லு தொறக்குது, திங்கக்கெழம வேலைக்குப் போறேன்னு தெரு பூரா சொன்னாங்க."

நான் வரவே இல்லை என்றேன்.

சைதூன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"செவ்வாக்கெழம பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற நேரம். இந்த வாசல்லதானம்மா நின்னு பேசிக்கிட்டிருந்தீக? டீ குடிச்சிட்டுப் போங்கன்னு நாந்தான கூப்பிட்டேன்? வேணாம்னு தலைய ஆட்டுனீக."

அந்த நேரத்தில் நான் மில் ஆபீசில் மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

சைதூன் விடவில்லை.

"அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்படி என்னம்மா சொன்னீக?"

இன்று வரை எனக்குத் தெரியாது.