புருசன் கையெழுத்து

டொராண்டோவில் டாக்டர்கள் முதலில் கணவரை வெளியே உட்காரச் சொல்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது அவமரியாதையாகப் பட்டது. கருத்தடைக்காகக் காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். கதவைச் சாத்திவிட்டு, உனக்கு இதில் விருப்பமா என்று கேட்டார் டாக்டரம்மா. கணவருக்குச் சம்மதம், வேண்டுமானால் கையெழுத்துப் போடுவார் என்றேன். எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்து, அதே கேள்வியை நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டார். ஆங்கிலம் புரிந்தது, கேள்விதான் புரியவில்லை.

இந்த 1988 குளிர்காலத்தில் இங்குள்ள கருக்கலைப்புச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை டாக்டர்கள் குழுவாகக் கூடி அனுமதித்தால்தான் உண்டு. என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் லிண்டா என்னைக் கட்டிக்கொண்டு, உங்கள் நாட்டிலும் ஒருநாள் இப்படிச் சட்டம் வரும் என்றாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதே வந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை.

அக்கா சாந்தியைப் பாப்பிரெட்டிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மூன்று பெண்கள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அவள் பிழைத்ததே பெரிது. இன்னொன்று உயிருக்கு ஆபத்து என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான்காவது தங்கியபோது மாமா லாரியோடு வடக்கே போயிருந்தார். நர்ஸ் படிப்பு முடித்திருந்த நான், அக்காவைத் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புருசன் கையெழுத்து இல்லாமல் தொடமாட்டேன் என்றார் அந்த டாக்டரம்மா.

"சட்டத்துல அப்பிடி இல்லீங்களே, மேடம்" என்றேன்.

"நாளைக்கு அவன் வந்து கலாட்டா பண்ணுனா, சட்டமா வந்து நிக்கும்?"

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "சாவப்போறது நாந்தானுங்க. என் கையெழுத்துப் பத்தாதுங்களா?"

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேறு இடங்களிலும் அதே பதில்தான். மாமா திரும்பி வந்ததும் அக்கா கெஞ்சினாள். இது பையனாக இருந்துவிட்டால் என்னவாவது என்று கேட்டு, அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவள் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தருமபுரியில் நடந்த பிரசவத்தில் மறுபடியும் ரத்தப்போக்கு. உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாடகைக் காரில், தொப்பூர்க் கணவாய் தாண்டுமுன், என் மடியிலேயே போய்விட்டாள். பிறந்தது பையன்தான். எல்லாம் விதி என்றது ஊர். அந்த விதி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு யாருடைய கையெழுத்தையும் யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பைக் கொண்டாட லிண்டா என்னை ஊர்வலத்துக்கு இழுத்துப் போனாள். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தாள். நம் உடல், நம் முடிவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அதன் பின்பக்கத்தில் தமிழில் 'சாந்தி' என்று பெரிதாக எழுதி, அந்தப் பக்கத்தையே முன்னால் தூக்கிப் பிடித்தேன். படம் எடுக்க வந்த ஒருவர், அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டு, சைகையால் திருப்பச் சொன்னார். திருப்பவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் முழங்க, நான் அவள் பெயரைக் கத்திக்கொண்டே நடந்தேன்.