என் பேரிலேயே அரைத்த மிளகாய்

ராணுவ ஆலோசகர் என்றால் ஊரில் பெரிய மரியாதை. நிஜத்தில் அது பல்லில்லாத உத்தியோகம். அயல்நாட்டு மலைமுகாம் ஒன்றில் முப்பது சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். அவர்கள் வேறு நாட்டு ராணுவம். அவர்களுக்கு நான் உத்தரவு போட முடியாது. சொல்லலாம், கேட்டால் கேட்பார்கள். முந்தைய இரண்டு அணிகளும் இறுதித் தேர்வில் தோற்றிருந்தன. அதனால் இவர்கள் வரும்போதே பாதி தோற்றுப்போய்த்தான் வந்தார்கள்.

சனிக்கிழமைதோறும் மலையேற்றம் முடிந்ததும் நானே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டேன். முதல் வாரம் முகம் சுளித்தார்கள். மூன்றாம் வாரம் சட்டியைச் சுரண்டினார்கள். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்று தினமும் ஒருத்தனையாவது தட்டிக்கொடுப்பேன். பாதி நாள் அது பச்சைப் பொய். ஆனால் சொல்லச் சொல்ல, அந்தப் புண்ணியவான்கள் நிஜமாகவே தேற ஆரம்பித்துவிட்டார்கள்!

என்னுடைய ஓராண்டு முடிகிற சமயம், தேர்வுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. விருப்பமிருந்தால் நீடிக்கலாம் என்றார்கள். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பையும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம், "மேல இருந்து ஆர்டர் வந்துருச்சு அம்மணி, நான் என்ன பண்ணட்டும்?" என்று போனில் புளுகினேன். அவள் மனசு தளரக் கூடாதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளிடம் பயம்.

இடையில் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. வீடு வந்த மறுநாளே, "கெளம்புங்க, மாசாணியம்மன் கோயலுக்குப் போலாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் அநியாயம் செய்தவனை அந்த அம்மனிடம்தான் ஒப்படைப்போம். மிளகாயை அரைத்து அங்கே கல்லில் பூசினால், அவன் எங்கிருந்தாலும் உடம்பு எரியும் என்று நம்பிக்கை. மனைவி ஒரு பை நிறைய வரமிளகாயோடு வந்திருந்தாள். அம்மிக்கு முன்னால் என்னை உட்காரவைத்தாள்.

"யாருக்குங்க இத்தன மொளகா?" என்றார் பக்கத்து அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

"எங்க ஊட்டுக்காரரை அனுப்பாம ஒரு படுபாவி புடிச்சு வெச்சிருக்கானுங்க. அவன் வெளங்கவே கூடாதுங்க!" என்றவள் என் பக்கம் திரும்பி, "நல்லா அழுத்தி அரைங்க மாமா" என்றாள்.

அரைத்தேன். என் தலையில் நானே! நாலு இழுப்பு இழுத்ததும் கண்ணீர் கொட்டியது. மிளகாய்க் காந்தலா, குற்றமுள்ள நெஞ்சா, தெரியவில்லை. குழவியை விட்டுவிட்டேன்.

"அம்மணி, அந்தப் படுபாவி நாந்தான். நானே கேட்டுத்தான் இருந்துக்கிட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். நிதானமாகக் கேட்டாள்.

"அங்க முப்பது பேருக்குத் தைரியஞ் சொல்றீங்க. எங்கிட்ட நெசத்தச் சொல்ல உங்களுக்குத் தைரியமில்லீங்களா?"

எந்த அதிகாரியும் என்னை இப்படி அடித்ததில்லை. பக்கத்துப் பெண் தன் மிளகாயை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். "அப்ப அரைச்சத என்னங்க பண்ணுவீங்க?" என்றார் மெதுவாக.

"பூச மாட்டனுங்க. என்ன இருந்தாலும் என்ற ஊட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டு, என் கையில் தண்ணீர் ஊற்றினாள். முகத்தைப் பார்க்காமலே ஊற்றினாள்.

திரும்பும் பஸ்ஸில் மிளகாய்ப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அவள் பேச்சை மீறும் தகுதியை இழந்திருந்தேன். நான் போகாவிட்டால் அந்த முப்பது பேரும் அம்போ. இறங்கும் இடம் நெருங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"நீங்க போகலீன்னா அவங்க தேற மாட்டாங்களா?"

"கொஞ்சம் சிரமந்தான்."

"நெசத்தச் சொல்லுங்க."

"தேற மாட்டாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பப் போயிட்டு வாங்க. தோத்துப்போட்டு மட்டும் ஊட்டுப் பக்கம் வந்துராதீங்க."

தேர்வு நாளன்று முதுகுச் சுமையோடு மலையைத் தாண்ட வேண்டும். ஒருவன் குறைந்தாலும் அணி முழுக்கத் தோல்வி. நேரம் முடிய இருந்தபோது இருபத்தேழு பேர்தான் வந்திருந்தார்கள். பிறகு வளைவில் மூன்று தலைகள் தெரிந்தன. கால் பிசகிய ஒருவனை இருவர் தாங்கிக்கொண்டு, அவன் சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நேரத்துக்குள் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். நான் அலறிய அலறலில் ஆலோசகர் மரியாதை எல்லாம் காற்றில் போயிற்று.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எத்தன பேருங்க?" என்றாள், எடுத்த எடுப்பில்.

"முப்பதும்!"

போனை வைக்காமலே தோப்பில் காய் உரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கூவினாள்: "ஏனுங்க, கேட்டீங்களா! எங்க ஊட்டுக்காரரு முப்பது பேரையும் தேத்திப்போட்டாருங்க!" அங்கே விசில் பறந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நானுந் தேறிட்டனுங்களா?"

"நீதான் அம்மணி மொத ஆளாத் தேறுனது" என்றேன். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை.