படையலில் வைத்த கணினி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் "ஆதாரம் இருக்கா, காட்டு" என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான், ஈப்போவில் என்னைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். என் பிழைப்பே ஆதாரம் சேர்ப்பதுதான். ஒரு கணினிக்குள் யார் வந்தார், எதைத் திறந்தார், எதைத் திறக்கப் பார்த்து முடியாமல் திரும்பினார் என்பதையெல்லாம் அந்தக் கணினியின் இயங்குதளமே சத்தமில்லாமல் எழுதிவைக்கும். அதற்கு ஆடிட் லாக் என்று பெயர். அந்தப் பதிவுகளை எடுத்து வாசிக்க நிரல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, இருக்கிறது, அதை வைத்துக் கம்பெனிகளுக்கு நிரல் எழுதிக் கொடுத்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். அதனால் இப்போது சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் மனைவி கலா பத்து காஜா ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்த்தாள். பெரும்பாலும் இரவு வேலை. எங்கள் வீடு சிம்பாங் பூலாய் பக்கம், பால்மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில். காலையில் அவள் வந்து சேரும்போது நான் ஈப்போவுக்குப் புறப்பட்டுப் போயிருப்பேன், மாலையில் நான் திரும்பும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் காருக்கு நான் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அந்த நேரம்தான் சில நாட்களில் எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும்.

அதனால் ஹாலில் இருந்த பழைய கணினியைத் தபால்பெட்டியாக்கிக்கொண்டோம். அதில் 'வீடு' என்று ஒரு ஃபோல்டர். போகும்முன் நான் அவளுக்கு ஒரு செய்தியைக் குரலில் பதிந்துவைப்பேன், அவள் வந்து தன் பெயரில் உள்ளே போய்க் கேட்பாள், தன் பங்குக்கு ஒன்றைப் பதிந்துவிட்டுத் தூங்கப் போவாள். போனில் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். "வீட்டுக்கு வந்து கேட்டாத்தான் நீங்க வீட்டுல இருக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

ஆனால் இரவெல்லாம் கண்விழித்தவள் அந்தச் சாலையில் தனியாக ஓட்டி வருகிறாள், வந்துவிட்டாளா என்று எனக்குத் தெரிய வேண்டும். தூங்கப் போகிறவளைப் போனில் கூப்பிடவும் மனசு வராது. ஆகவே ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்திய அதே லைப்ரரியை வைத்து வீட்டுக் கணினிக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆடிட் லாகில் எண்ணும் குறியுமாக விழுகிற வரிகளை அது தமிழாக்கி என் ஆபீஸ் திரைக்கு அனுப்பும். கிண்டலுக்காக அரசாங்க அறிவிப்பு மாதிரி எழுதிவைத்தேன். 'மாண்புமிகு கலா உள்ளே வந்தார். செய்தியைத் திறந்தார். வெளியேறினார்.' விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கு அவள் பதிந்துவைத்த பதில் இது: "என்னாங்க, பொண்டாட்டிய வேவு பாக்குறதுக்கா இவ்ளோ படிச்சீங்க? சரி, மாண்புமிகு தூங்கப் போறாங்க. கோழி சம்பால் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க." அதன்பிறகு அந்த மூன்று வரியும் வந்தால்தான் காலையில் எனக்குக் காப்பி இறங்கும்.

ஒரு நாள் காலை அந்த வரிகள் வரவில்லை. வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று காலை நான் பதிந்துவைத்த செய்தி அப்படியே கிடந்தது, யாரும் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் அந்த ஃபோல்டரைப் பூட்டினேன். கேட்டால் தாங்க மாட்டேன், அழிக்கவும் மனம் வரவில்லை. அவள் பெயருக்கும் அனுமதி இல்லை, என் பெயருக்கும் இல்லை என்று போட்டுவிட்டுக் கணினியை அணைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன்.

வருடம் திரும்பியது. படையல் போட கலாவின் அக்கா பொன்னி வந்தார், லூமுட்டிலிருந்து அவள் தம்பி குணாவும் வந்தான். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: போனவருக்குப் பிடித்ததையெல்லாம் ஓர் அறையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியில் உட்கார வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். இலையில் கோழி சம்பால், கச்சாங் பூத்தே கடலை வறுவல், வெள்ளைக் காப்பி, ஒரு புதுச் சேலை. பொன்னியக்கா எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார்.

"தம்பி, அந்த கம்ப்யூட்டரையும் கொண்டாந்து வெய்யுங்க. அவ டெய்லி அதுகிட்ட உக்காந்துதானே உங்ககூட பேசுவா."

"அக்கா, அதுக்கு கரண்டு வேணும்லா."

"அப்ப வயர இழுங்க. அணைச்சு வெச்சா அவளுக்கு அது எதுக்கு?"

சரி, வாதாடி என்ன ஆகப்போகிறது என்று பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் இலைக்குப் பக்கத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். திரை, விசைப்பலகை, நெட்வொர்க் வயர் எல்லாம் ஹால் மேசையிலேயே கிடந்தன. வாசலில் நின்ற குணா சிரித்தான்.

"தோட்டத்துல அப்பா மாவு தூவி வெப்பாரு மச்சான், காலடி விழுதான்னு பாக்க. நீங்க என்ன தூவப் போறீங்க?"

"நான் ஆடிட் லாக் தூவுறேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே இருந்த பொன்னியக்கா திடீரென்று அழுதுவிட்டார்.

கதவைச் சாத்தினோம். நல்ல உச்சி வெயில் நேரம். நாய் ஊளையிடவில்லை, காற்று வீசவில்லை, விளக்கு அணையவில்லை, நீங்கள் எதிர்பார்க்கிற எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார், இலை வைத்தது வைத்தபடியே இருந்தது, எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டோம். மாலையாவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

கணினியைச் சட்டென்று பிடுங்கக் கூடாது, முறையாக அணைக்க வேண்டும், தொழில் புத்தி. திரையையும் விசைப்பலகையையும் அறைக்குள் எடுத்துப்போய் மாட்டினேன். எப்போதும்போல் பெயர் கேட்டது, என் பெயரில் உள்ளே போனேன். உள்ளே போனதும் கடைசிப் பதிவுகளைக் காட்டும்படி என் நிரலை நானே எப்போதோ எழுதிவைத்திருந்தேன், அது காட்டியது.

மாண்புமிகு கலா உள்ளே வந்தார்.
செய்தியைத் திறக்க முயன்றார். அனுமதி இல்லை.
செய்தியைத் திறக்க முயன்றார். அனுமதி இல்லை.
செய்தியைத் திறக்க முயன்றார். அனுமதி இல்லை.

நேரத்தைப் பார்த்தேன். நாங்கள் கதவைச் சாத்தியிருந்த நேரம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. வந்திருக்கிறாள், நான் விட்டுப்போன செய்தியைக் கேட்க வந்திருக்கிறாள், நான் போட்ட பூட்டு அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது, அந்த நேரத்தில் நான் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குணாவிடம் டோல் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இதுதான் மனதில் ஓடியது. சேலை மேல் தலையை வைத்து அழுதேன். உடனே எழுந்து ஃபோல்டரைத் திறந்துவிட்டேன், அவள் பெயருக்கும் என் பெயருக்கும்.

மறுநாள் புத்தி திரும்பியது. என் நிரல்தான் உளறியிருக்க வேண்டும் என்று ஆபீஸ் நண்பர் மணியத்தை வீட்டுக்கு அழைத்துவந்தேன். இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர், என்னைவிடப் பெரிய நாத்திகர். என் தமிழ் வரிகளை ஒதுக்கிவிட்டு இயங்குதளம் எழுதிய மூலப் பதிவையே படித்தார். தானாக ஓடும் வேலை எதையாவது அவள் பெயரில் விட்டுவைத்திருக்கிறேனா என்று தேடினார், இல்லை. நானே நிர்வாகியாகப் போய் அவள் பெயருக்கு மாறியிருப்பேனோ என்று பார்த்தார். அப்படி மாறினாலும் ஆடிட் லாக் ஏமாறாது, முதலில் எந்தப் பெயரில் உள்ளே வந்தோமோ அந்தப் பெயர் கடைசிவரை ஒவ்வொரு வரியிலும் ஒட்டிக்கொண்டே வரும். எல்லா வரியிலும் கலாவின் பெயர்தான் ஒட்டியிருந்தது. எங்கிருந்து வந்தார் என்ற இடத்தில், இதே பெட்டியின் சொந்த விசைப்பலகையிலிருந்து என்று இருந்தது.

"கீபோர்ட் எங்க இருந்துச்சு அப்போ?" என்று மணியம் கேட்டார்.

"ஹால்ல. என் முழங்கைக்குப் பக்கத்துல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியலலா மச்சான். ஒண்ணு மட்டும் சொல்றேன், இத நான் பாத்தேன்னு ஆபீஸ்ல சொல்லாத."

அந்தச் செய்தியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமைக்கு லீவு கிடைத்துவிட்டது, நீயும் போடு, லூமுட்டில் ஃபெர்ரி பிடித்துப் பங்கோர் தீவுக்குப் போய்வருவோம், வருகிறாயா இல்லையா சொல்லு, அவ்வளவுதான். பல மாதமாகத் தள்ளிப்போன பயணம். நான் அதைத் திறந்து கேட்டதில்லை, அது அவளுக்கு வைத்தது. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ஒரு தடவை, காரை ஒதுக்கிவிடும் நேரம் அளவுக்காவது.

அந்தப் பெட்டி இன்றும் அதே அறையில், அவள் படத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து அணைக்கவே இல்லை, மின்சாரம் போனாலும் நிற்கக் கூடாதென்று பேட்டரி வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒருமுறை குணா வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் சரியாப் போயிடும்லா மச்சான்" என்றான்.

அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்யவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கிறவர் யாரானாலும் வெளியே தள்ளிவிடும். ஃபோல்டர் திறந்தே இருக்கிறது, ஆனால் 'செய்தியைத் திறந்தார்' என்ற வரி இதுவரை வரவில்லை. 'வெளியேறினார்' என்ற வரியும் வரவில்லை. ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவியதும் என் பெயரில் உள்ளே போய், இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்பேன். ஒருவர்தானே இருக்க வேண்டும். நேற்றுக்கூடக் கேட்டேன், அது இரண்டு பெயர் சொல்கிறது.